வெந்நீர் வந்துவிட்டது

ஏப்ரல் 25, 2011, திங்கள்

சிங்கப்பூரில் விமானம் மாறும்போதே தெரிந்துவிட்டது. டோக்கியோ போகும் விமானத்தில் பாதிக்கு மேல் காலி. கைப்பிடிகளைத் தூக்கிவிட்டு மூன்று இருக்கையில் கால் நீட்டிப் படுத்துக்கொண்டு வந்தேன். பணிப்பெண் இரண்டு முறை வந்து இன்னொரு சாப்பாடு வேண்டுமா என்று கேட்டார்.

போன மாதம் 17ஆம் தேதி இதே நரிதா விமான நிலையத்தில், தரையில் படுத்துக் கிடந்த கூட்டத்துக்கு நடுவே, மனைவியையும் பதினாறு மாத மகளையும் கூட்டிக்கொண்டு வரிசையில் நின்றேன். பூகம்பம் வந்து ஆறு நாள் ஆகியிருந்தது. புகுஷிமாவில் அணு உலைக் கட்டடங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெடித்த வாரம். பாளையங்கோட்டையில் கேட்டவர்களிடமெல்லாம் ‘லீவுக்கு வந்தோம்’ என்று சொல்லிவைத்தேன். ஓடிவந்தோம் என்பதுதான் சரியான சொல். இப்போது நான் மட்டும் திரும்புகிறேன். அவர்கள் எப்போது வருவார்கள் என்பதை என் மாமியார் முடிவுசெய்வார்.

தோஸாய் லைன் ரயிலில் பகல் வெளிச்சமே போதும் என்று விளக்குகளை அணைத்திருந்தார்கள். நிஷி-கசாயில் இறங்கினால் எஸ்கலேட்டர் ஓடவில்லை. குறுக்கே ஒரு சங்கிலி, அதில் ‘செட்சுதென்’ என்று அட்டை. மின்சாரச் சிக்கனம் என்று பொருள். முப்பது கிலோ பெட்டியைப் படியில் இறக்க ஆரம்பித்தேன். பின்னால் வந்த ஒரு பெரியவர் ஒன்றும் சொல்லாமல் அடிப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டார். கீழே வந்ததும் தலையைக் குனிந்துவிட்டுப் போய்விட்டார். நன்றி சொல்லத் திரும்புவதற்குள் ஆளைக் காணோம்.

காலையில் இந்த ஸ்டேஷனில் தமிழோ தெலுங்கோ காதில் விழாத நாள் இருக்காது. இன்று ஒன்றும் விழவில்லை. இந்தியச் சாமான் கடைக்காரர் ஊருக்குப் போகாமல் இங்கேயே இருந்துவிட்டாராம். “இட்லி அரிசி எவ்வளவு வேணும்னாலும் எடுத்துக்குங்க, தின்ன ஆளில்லை” என்றார்.

வீட்டைத் திறந்ததும் ஒரு வாடை. கிளம்பிய அவசரத்தில் குக்கரில் சோற்றை அப்படியே விட்டுப் போயிருக்கிறோம். நாற்பது நாள் சோறு. மூடியைத் திறக்கும் துணிச்சல் இல்லை. குக்கரோடு கொண்டுபோய்ப் போட்டுவிடலாம் என்றால் சோறு எரியும் குப்பை, குக்கர் எரியாத குப்பை, இரண்டுக்கும் வேறு வேறு நாள். பூகம்பமே வந்தாலும் அந்த அட்டவணை மட்டும் மாறாது.

ஏப்ரல் 26, செவ்வாய்

அலுவலகம் கயாபாச்சோவில். மார்ச் 11 அன்று மதியம் 2.46க்கு எங்கள் கட்டடம் கப்பல் மாதிரி ஆடியது. ரயில்கள் நின்றுபோய், இரவு கசாய் பாலம் வழியாக ஒன்பது பத்து கிலோமீட்டர் நடந்து வீடு சேர்ந்தேன். டோக்கியோவே நடந்துகொண்டிருந்த இரவு அது. யாரும் முண்டியடிக்கவில்லை. செருப்பு சத்தம்தான் கேட்டது.

இன்று உள்ளே நுழையும்போது கூச்சமாக இருந்தது. இருந்தவர்கள் இருந்தார்கள், நான் போய்விட்டு வருகிறேன். மணப்பாறை முறுக்குப் பொட்டலத்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு மேசையாகப் போய்த் தலைகுனிந்தேன். “தொந்தரவு கொடுத்துவிட்டேன்” என்பதற்கு இங்கே பத்து வகை உண்டு, தெரிந்ததையெல்லாம் சொன்னேன். பிரிவுத் தலைவர் முறுக்கை எடுத்துக் கடித்துவிட்டு, “குழந்தை நன்றாக இருக்கிறதா?” என்றார். அவ்வளவுதான்.

என் மேசையில் பூகம்பத்தன்று எல்லாம் கீழே கொட்டிக் கிடந்தது. அப்படியே விட்டுவிட்டுத்தான் போனேன். இப்போது எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கிறது, அல்லது அவர்கள் நினைத்த இடத்தில். பித்தளைப் பிள்ளையார் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். திருப்பி வைக்கலாம் என்று தூக்கினால் வரவில்லை. டிவி, பூச்சாடி கவிழாமல் இருக்க அடியில் ஒட்டும் பசைத்துண்டு ஒன்று இங்கே விற்கும். அதைப் பிள்ளையாருக்கு யாரோ ஒட்டியிருக்கிறார்கள். யார் என்று கேட்டேன். அந்தப் பக்கம் இருந்த ஐந்து பேரும் கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

விளக்குகளில் பாதி எரியவில்லை, லிஃப்டில் ஒன்று ஓடவில்லை. மார்ச் 14இலிருந்து வட்டாரம் வட்டாரமாக முறைவைத்து மின்சாரத்தை நிறுத்தினார்கள். இந்த மாதம் 8ஆம் தேதி அதை முடித்துக்கொள்வதாக அறிவித்தாகிவிட்டது. ஆனாலும் கோடையை நினைத்து இப்போதே பயம். மின்வெட்டில் முதுகலைப் பட்டம் வாங்கியவன் தமிழ்நாட்டுக்காரன் என்பதால் கேன்டீனில் என்னிடம் யோசனை கேட்டார்கள். விசிறி வாங்குங்கள் என்றேன். சிரிக்கவில்லை, ஒருத்தர் குறித்துக்கொண்டார்.

மேற்கே ஒசாகாவில் மின்சாரம் தாராளமாக இருக்கிறதே, இங்கே அனுப்பக் கூடாதா என்று ஊரில் எல்லோரும் கேட்டார்கள். முடியாது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் டோக்கியோ ஜெர்மன் ஜெனரேட்டர் வாங்கியது, ஒசாகா அமெரிக்க ஜெனரேட்டர் வாங்கியது. அதனால் இன்றைக்கும் மின்சாரத்தின் அதிர்வெண் கிழக்கு ஜப்பானில் 50 ஹெர்ட்ஸ், மேற்கில் 60. எல்லை ஃபூஜி ஆற்றின் பக்கம். ஒன்றை மற்றொன்றாக மாற்றி அனுப்பும் நிலையங்களின் மொத்தக் கொள்ளளவே சுமார் 10 லட்சம் கிலோவாட்தான். டோக்கியோவின் பசிக்கு அது சோளப்பொரி. நூறு வருடத்துக்கு முன்னால் யாரோ இரண்டு பேர் கலந்து பேசாமல் வாங்கியதற்கு இன்று என் ஆபீஸ் இருட்டாக இருக்கிறது.

சாயங்காலம் சூப்பர் மார்க்கெட். போன மாதம் காலியாகப் பார்த்த அலமாரிகள் நிறைந்துவிட்டன. தண்ணீர் பாட்டில் இருக்கிறது, மூடிதான் எல்லாக் கம்பெனிக்கும் ஒரே வெள்ளை. மூடி செய்யும் ஆலைகள் அடிபட்டதால் கலரும் அச்சும் வேண்டாம் என்று விட்டுவிட்டார்களாம். காய்கறியில் விலையைவிட ஊர்ப்பெயரைத்தான் எல்லோரும் படிக்கிறார்கள். நானும் படித்தேன். புகுஷிமாவை ஒட்டித் தெற்கே இருக்கும் இபாராக்கியின் லெட்டூஸ், நல்ல பச்சை, 98 யென். எடுத்தேன். வைத்தேன். பக்கத்தில் நின்ற ஒரு அம்மா அதே குவியலிலிருந்து இரண்டை எடுத்துக் கூடையில் போட்டுக்கொண்டு போனார். நானும் ஒன்றை எடுத்துக்கொண்டேன். இதை என் மனைவியிடம் சொல்லவில்லை.

ஏப்ரல் 27, புதன்

கிழக்கே இரண்டு ஸ்டேஷன் தள்ளி உராயாசு. அங்கே ஒரு நண்பரின் வீட்டுச் சாவி என்னிடம் இருக்கிறது, செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போனேன். செடி செத்திருந்தது.

உராயாசுவின் பழைய ஊர்ப்பகுதியில் ஒன்றும் தெரியவில்லை. கடலைத் தூர்த்து உருவாக்கிய புதுப்பகுதிக்குள் நுழைந்தால் காட்சி மாறுகிறது. குலுக்கலில் நிலத்தடி மணலும் நீரும் கலந்து கஞ்சியாகி மேலே பொங்கியிருக்கிறது. வீடுகள் இடியவில்லை, ஒரு பக்கம் சாய்ந்து நிற்கின்றன. சாலை நடுவே சாக்கடை மேன்ஹோல் குழாய்கள் தரையிலிருந்து இடுப்புயரம் முளைத்து நிற்கின்றன. டிஸ்னிலாண்ட் இதே ஊரில்தான். கட்டும்போதே பூங்காவின் மண்ணைக் கெட்டிப்படுத்தியிருந்ததால் உள்ளே பெரிய சேதமில்லை, வண்டி நிறுத்துமிடம்தான் குழம்பியது. 15ஆம் தேதி திறந்துவிட்டார்கள். காதில் மிக்கி காதுகளை மாட்டிக்கொண்டு ஒரு சிறுமி, முளைத்த மேன்ஹோலைச் சுற்றிக்கொண்டு நடந்து போனாள்.

நாளை செண்டாய். பையில் துணியைவிட பேட்டரி அதிகம்.

ஏப்ரல் 28, வியாழன்

டோக்கியோவுக்கு வடக்கே, பூகம்பம் கடுமையாகத் தாக்கிய பகுதியில் இருக்கும் செண்டாயில் இரண்டு வருடம் படித்தேன். அப்போது தங்கியிருந்த வீட்டுக்காரம்மாவை இன்றும் ‘ஓயா-சான்’ என்றுதான் கூப்பிடுகிறேன். வீட்டு உரிமையாளர் என்று அர்த்தம். வயது 74. கணவர் இல்லை. மார்ச்சில் மூன்று நாள் போன் கிடைக்காமல் நான்காவது நாள் கிடைத்தபோது அவர் முதலில் கேட்டது, “நீ சாப்பிட்டாயா?” வரட்டுமா என்றதற்கு, “கேஸ் இல்லை, குளிக்கக் கொடுக்க முடியாது, வராதே” என்றார். போன வாரம் அவரே கூப்பிட்டார். “வெந்நீர் வந்துவிட்டது. வா.”

ஷின்கான்சென் என்ற அதிவேக ரயில் செண்டாய் வரை ஓட ஆரம்பித்தது இந்தத் திங்கட்கிழமைதான். பூகம்பத்தில் இந்தத் தடத்தில் சுமார் 1,200 இடங்களில் சேதம். கம்பங்கள் சாய்ந்தன, கம்பிகள் அறுந்தன, நிலையக் கூரைகள் விழுந்தன. பெரும்பாலும் சரிசெய்து முடித்த நேரத்தில் ஏப்ரல் 7 இரவு இன்னொரு பெரிய நில அதிர்வு. மறுபடி சுமார் 550 இடங்கள். சீட்டுக்கட்டு வீடு கட்டுகிறவன் முகத்தில் யாரோ ஊதிய மாதிரி. அப்படியும் இத்தனை நாளில் ரயில் ஓடுகிறது. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: மார்ச் 11இல் அந்த நேரத்தில் ஓடிக்கொண்டிருந்த ஒரு ஷின்கான்செனிலும் ஒரு பயணியும் சாகவில்லை. கடற்கரையில் இருக்கும் அதிர்வுமானிகள் முதல் நடுக்கத்தை உணர்ந்ததும் மின்சாரத்தைத் துண்டித்து பிரேக் போடவைத்துவிட்டன.

புகுஷிமா நிலையத்தில் ரயில் நின்றபோது பெட்டியில் பேச்சு கொஞ்சம் குறைந்தது. அல்லது எனக்குத்தான் அப்படிப் பட்டதோ. அணு உலை இங்கிருந்து அறுபது கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, கடலோரத்தில். அதைச் சுற்றி 20 கிலோமீட்டருக்குள் யாரும் நுழையக் கூடாது என்று போன வெள்ளிக்கிழமைதான் சட்டம் போட்டார்கள். ஏறிய பள்ளிப் பையன்கள் இருவர் ஜன்னலோரத்துக்குச் சண்டை போட்டார்கள். அதன்பின் ரயில் ஆமை மாதிரி போனது. பரவாயில்லை.

செண்டாய் ஸ்டேஷன் சாரம் கட்டி நிற்கிறது. டாக்சி ஓட்டுநர் நான் எந்த நாடு என்று கேட்டார். இந்தியா என்றதும் கண்ணாடியில் என்னை நிமிர்ந்து பார்த்து, “ஓனகாவாவுக்கு உங்கள் ஆட்கள் வந்தார்களே” என்றார். நம் தேசியப் பேரிடர் மீட்புப் படையிலிருந்து 46 பேர் மார்ச் கடைசியில் வந்து, சுனாமி வாரிக்கொண்டுபோன அந்தச் சின்ன ஊரில் இடிபாடுகளில் உடல் தேடினார்கள். அந்தப் படை வெளிநாடு போனது அதுவே முதல் முறை. நான் போன திசைக்கு எதிர்த்திசையில் வந்திருக்கிறார்கள். அதை ஓட்டுநரிடம் சொல்லவில்லை.

சுரங்க ரயில் தாய்னோஹாரா வரைதான். அதற்கு மேல் பாலத்தூண்கள் விரிசல் விட்டதால் ஓடவில்லை, மாற்றுப் பேருந்து. பேருந்தில் கறுப்பு உடையில் நிறையப் பேர். ஒருவேளை ஒரே வீட்டுச் சாவு என்று நினைத்தேன். அப்புறம்தான் உறைத்தது. இறந்த நாளையும் சேர்த்து எண்ணினால் இன்று நாற்பத்தொன்பதாவது நாள். பௌத்த முறைப்படி இறந்தவரை அனுப்பிவைக்கும் நாள், நம் பதினாறாம் நாள் போல. ஒரே நாளில் இறந்த ஆயிரக்கணக்கானவர்களுக்கு ஒரே நாளில் வருகிறது.

ஓயா-சான் வாசலில் நின்றார். அவரும் கறுப்பில்தான். பூ அலங்காரம் கற்றுக்கொள்ளும் வகுப்பில் கூட இருந்த ஒரு தோழி, சுனாமி அடித்த கடலோர ஊரான யூரியாகேயில் வீடு. கோயிலுக்குப் போய்விட்டு வந்திருக்கிறார். அதற்கு மேல் அதைப் பற்றி அவர் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. “ஒகாயெரி” என்றார். போய் வந்தவரை வீட்டில் இருப்பவர் வரவேற்கும் சொல் அது. விருந்தாளிக்குச் சொல்வதில்லை.

பையைத் திறந்து பேட்டரிகளை அடுக்கினேன். சென்னையில் வாங்கிய எவரெடி, பெரிய டார்ச்சுக்குப் போடும் தடி பேட்டரி, இருபத்துநான்கு. மார்ச்சில் ஜப்பான் முழுக்க இந்த அளவு பேட்டரிதான் கிடைக்காமல் போனது. ஓயா-சான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். இரண்டு வாரமாகவே எல்லாக் கடையிலும் கிடைக்கிறதாம். ஆனாலும் வந்த பரிசை முதலில் சாமிக்கு வைக்க வேண்டும் என்பது அந்த வீட்டு வழக்கம். கணவரின் படம் இருக்கும் பூசை அலமாரியில், ஊதுவத்திக்கும் ஆரஞ்சுப் பழத்துக்கும் நடுவே, பேட்டரிப் பெட்டியை வைத்து மணியை ஒரு தட்டு தட்டினார். “இந்தியாவிலிருந்து வந்திருக்கிறது, பாருங்கள்” என்று படத்திடம் சொன்னார்.

பிறகு கேஸ் கதை. நான் கேட்டுக்கொண்டே இருந்தேன், அவ்வளவு சுவையாகச் சொன்னார்.

செண்டாயில் கேஸ் மாநகராட்சியின் கையில். துறைமுகத்தில் இருந்த கேஸ் ஆலையைச் சுனாமி அடித்துவிட்டது. ஊர் முழுக்க, மூன்றரை லட்சம் வீடுகளுக்கு மேல், அடுப்பும் இல்லை வெந்நீரும் இல்லை. நல்லகாலம், நீகாதாவிலிருந்து மலையைத் தாண்டி வரும் ஒரு குழாய் பிழைத்திருந்தது. ஆனால் வால்வைத் திறந்தால் போதும் என்பதல்ல கேஸ். முதலில் ஒவ்வொரு வீட்டு மீட்டரையும் ஆள் போய் மூட வேண்டும். பிறகு தெரு தெருவாகக் குழாயில் கசிவு பார்த்துச் சரிசெய்ய வேண்டும். அப்புறம் மறுபடி ஒவ்வொரு வீடாகப் போய், வீட்டுக்காரர் முன்னிலையில் சோதித்துத் திறந்துவிட வேண்டும். நாடு முழுவதிலுமிருந்து கேஸ் கம்பெனி ஆட்கள் வந்திருக்கிறார்கள். ஓயா-சான் வீட்டுக்கு வந்த இருவர் ஒசாகாக்காரர்கள். “அவர்கள் பேசியது பாதி புரியவில்லை. டிவியில் ஜோக் அடிப்பவர்கள் மாதிரியே பேசினார்கள். ஆனால் அடுப்பைப் பற்றவைத்து நீலமாக எரிகிறதா என்று குனிந்து பார்த்தபோது சிரிக்கவில்லை.” அவர்களுக்குக் கொடுக்க வீட்டில் இருந்தது கடைசி இரண்டு தேன்குழல் மாதிரி அரிசி பிஸ்கட். வேண்டாம் என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்கள். அது ஏப்ரல் 9. இருபத்தொன்பது நாள் கழித்து. ஊர் முழுவதும் முடிந்தது 16ஆம் தேதி.

அந்த நாட்களில் இந்தத் தெருவில் யார் யாரைப் பார்த்தாலும் கேட்ட கேள்வி, “குளித்தாச்சா?”

இரவு எனக்குத்தான் முதல் குளியல். ஜப்பானியக் குளியலில் வெளியே சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் தொட்டிக்குள் இறங்க வேண்டும், தொட்டி நீர் எல்லோருக்கும் பொது. கழுத்துவரை இறங்கி உட்கார்ந்தேன். கதவுக்கு வெளியிலிருந்து குரல் வந்தது. “தண்ணீரைத் திறந்துவிட்டுவிடாதே!”

மார்ச் 10 இரவு சோம்பலில் தொட்டித் தண்ணீரைத் திறந்துவிடாமல் தூங்கிவிட்டாராம். மறுநாள் பூகம்பம், குழாய் நீர் நின்றது. அந்தப் பழைய குளியல் தண்ணீரை வாளி வாளியாக மொண்டு ஒரு வாரம் கழிப்பறைக்கு ஊற்றியிருக்கிறார். பக்கத்து வீட்டுக்கும் இரண்டு வாளி. “என் வாழ்க்கையில் சோம்பலால் வந்த ஒரே லாபம்” என்றார். இப்போது தினமும் விட்டுவைக்கிறார்.

ஏப்ரல் 29, வெள்ளி

இன்று எல்லாமே ஒரே நாளில். ஷின்கான்சென் டோக்கியோவிலிருந்து ஷின்-அவோமோரி வரை முழுத் தடத்தில் ஓடுகிறது. செண்டாய் சுரங்க ரயில் இசுமி-சூவோ வரை முழுதாகத் திறக்கிறது. பேஸ்பாலில் ராகுடென் அணிக்கு சொந்த ஊரில் முதல் ஆட்டம். கால்பந்தில் வெகால்டா அணிக்கும் பூகம்பத்துக்குப் பின் சொந்த மைதானத்தில் முதல் ஆட்டம். ஊரே கல்யாண வீடு மாதிரி காலையிலிருந்து ஒரு பரபரப்பு.

ஓயா-சான் ஏழு மணிக்கே ரெடி. “எங்கே?” என்றேன். “எங்கேயும் இல்லை. சும்மா ரயிலில் போய்விட்டு வரலாம்.” குரோமாட்சு ஸ்டேஷனில் எங்களைப் போல் சும்மா வந்தவர்கள் இருபது பேராவது இருப்பார்கள். ஒரு தாத்தா பேரனைத் தோளில் தூக்கிவைத்திருந்தார். ஸ்டேஷன் ஊழியர் வெள்ளைக் கையுறையோடு ஒவ்வொருவருக்கும் குனிந்து, இவ்வளவு நாள் சிரமம் கொடுத்ததற்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார், பூகம்பத்தை அவரே அனுப்பியது போல. ரயில் வந்தது. கதவு திறந்தது. மூடியது. அவ்வளவுதான் நிகழ்ச்சி. ஓயா-சான் ஜன்னல் வழியே, பேருந்தில் கடந்த தெருக்களை மேலிருந்து அடையாளம் காட்டிக்கொண்டே வந்தார்.

நகரின் நடுவில் ஜோசென்ஜி அவென்யூவில் கெயாகி மரங்கள் இளந்தளிர் விட்டிருந்தன. படிக்கிற காலத்தில் இந்த மரங்களுக்கு அடியில்தான் நூலகம் போவேன். மரங்கள் வரிசை கலையவில்லை. கடைத்தெருவில் முக்கால்வாசி திறந்திருக்கிறது. மூடியவற்றில் ஒன்றில் ‘சுவர் சரியில்லை, மன்னிக்கவும், மே மாதம் சந்திப்போம்’ என்று கையால் எழுதி ஒட்டியிருந்தார்கள். திரும்பிய இடமெல்லாம் ‘கன்பாரோ தோஹொகு’ துணிகள். முயன்று பார்ப்போம், விடாதே, தாங்கிக்கொள் என்று எல்லாம் சேர்ந்த சொல் கன்பாரோ, தோஹொகு இந்த வடகிழக்குப் பகுதியின் பெயர். ஓயா-சானுக்கு அது சலித்துவிட்டது. “முயலாத நேரம் எது இருந்தது? இதற்கு மேல் என்ன முயல்வது?” என்றார். துணிகளைத் தொங்கவிட்டவர்கள் காதில் விழாதபடிதான் சொன்னார்.

மதியம் ஒரு சின்ன உணவகத்தில் வானொலியில் பேஸ்பால். மைதானத்துக்குப் பெயர் கொடுத்திருப்பது ஒரு காகிதக் கம்பெனி. அதன் இஷினோமாகி ஆலையே சுனாமியில் மூழ்கிவிட்டது. வாடிக்கையாளர்கள் சத்தமாகக் கத்தவில்லை. ராகுடென் பந்துவீச்சாளர் தானாகா ஒவ்வொரு பந்தாக வீச வீச, கரண்டியோடு நிமிர்ந்து பார்ப்பார்கள், மறுபடி குனிந்து சாப்பிடுவார்கள். செண்டாயில் பேர்போன மாட்டு நாக்கு எனக்கு ஆகாது என்று தெரிந்து ஓயா-சான் ஸுன்டா மோச்சி வாங்கிக் கொடுத்தார். பச்சை சோயாவை அரைத்துச் சர்க்கரை கலந்த பூரணம், உள்ளே இருக்க வேண்டியது வெளியே பூசியிருக்கும் கொழுக்கட்டை. கேஸ் இல்லாத நாட்களில் இந்தக் கடை மேசை அடுப்பில் வைத்துக் கஞ்சி மட்டும் விற்றதாம்.

ரயிலில் இசுமி-சூவோ வரை போய்விட்டு வந்தேன். ஓயா-சான் களைத்து வீட்டில் இறங்கிக்கொண்டார். பெட்டி முழுக்க மஞ்சள் சட்டை, வெகால்டா ரசிகர்கள். என்னிடம் டிக்கெட் இல்லை. மைதானத்துக்கு வெளியே ஒரு கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து சத்தத்தை மட்டும் கேட்டேன். திடீரென்று ஒரு கூச்சல், என் முதுகுக்குப் பின்னால் சுவரே அதிர்ந்தது. ஒரு வினாடி எனக்கு வயிறு கலங்கிவிட்டது. பக்கத்தில் நாயோடு நின்ற பெண்ணும் சட்டென்று விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டார். அப்புறம் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தோம். கோல்.

இரவுச் செய்தியில் ராகுடென் 3-1, வெகால்டா 1-0. ஓயா-சான் முதலில் குளித்துவிட்டு, தலையில் துண்டோடு டிவி முன் உட்கார்ந்து அதையே மூன்று சேனலில் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

ஏப்ரல் 30, சனி

ஓயா-சானின் தங்கை மகன் காரில் கூட்டிப்போனார். போகலாமா கூடாதா என்று நான் யோசித்தேன். கேமராவை வீட்டிலேயே வைத்துவிட்டேன்.

நகரின் கிழக்கே வாகாபயாஷி வட்டாரம். ஒரு சாதாரணக் குடியிருப்புத் தெருவில் சின்னக் கோயில், நாமிவாகே ஜின்ஜா. ‘அலை பிரிந்த கோயில்’ என்று பெயர். 1611 சுனாமி இந்த இடம் வரை வந்து இரண்டாகப் பிரிந்து வடிந்தது என்பது ஊர்வழக்கு. கடல் இங்கிருந்து ஐந்து கிலோமீட்டருக்கு மேல். கடல் எங்கே, கோயில் எங்கே என்று நாங்கள் படித்த காலத்தில் சிரித்திருக்கிறோம். இந்த முறை அலை இந்தக் கோயிலிலிருந்து இரண்டு கிலோமீட்டர் தொலைவு வரை வந்தது.

அதை நிறுத்தியதில் பாதிப் பங்கு நெடுஞ்சாலைக்கு. செண்டாய் கிழக்கு நெடுஞ்சாலை இந்த வயல்களுக்கு நடுவே உயரமான மண்மேட்டின் மேல் ஓடுகிறது. சுனாமிக்காகக் கட்டியதல்ல, சாலைக்காகக் கட்டியது. அன்று அந்தச் சரிவில் இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் ஏறித் தப்பினார்கள். மேட்டுக்கு இந்தப் பக்கம் மாடியில் துணி காய்கிறது, சிக்னல் எரிகிறது, ஒருவர் காரைக் கழுவிக்கொண்டிருக்கிறார். மேட்டின் அடியில் ஒரு சுரங்கவழி, முப்பது தப்படி இருக்கும். அந்தப் பக்கம் வந்தால் சாம்பல் நிறச் சேறு. வயலில் கார்கள் மூக்குக் குத்தி நிற்கின்றன. கடற்கரையிலிருந்து பிடுங்கி வந்த பைன் மரங்கள் வேரோடு கிடக்கின்றன. அவற்றுக்கு அப்பால் தூரத்தில் அராஹாமா தொடக்கப் பள்ளிக் கட்டடம் மட்டும் நிமிர்ந்து நிற்கிறது. குழந்தைகளும் ஊராருமாக 320 பேர் அதன் மேல்தளங்களில் பிழைத்தார்கள்.

2004க்கு முன் நம்மில் எத்தனை பேருக்கு சுனாமி என்ற சொல் தெரியும்? இவர்கள் மொழியிலிருந்து வந்த சொல்லை மெரினாவிலும் நாகப்பட்டினத்திலும் கற்றுக்கொண்டோம். அந்தச் சேற்றின் வாடை எனக்குப் புதிதல்ல.

சாலையோரம் ஒரு பெண் தண்ணீர்க் கேன் வைத்துக்கொண்டு போட்டோக்களைக் கழுவிக்கொண்டிருந்தார். சேற்றில் கிடைத்த ஆல்பம், யாருடையது என்று அவருக்கே தெரியாது. பள்ளி விளையாட்டு விழா, ஒரு கல்யாணம். தூரிகையால் முகத்தை விட்டுவிட்டு ஓரத்தை மட்டும் மெதுவாகத் தேய்த்தார். முகத்தைத் தொட்டால் சாயம் போய்விடுமாம். நாங்கள் பத்து நிமிடம் நின்றிருப்போம், நாலு போட்டோ முடிந்தது.

திரும்பி வரும்போது அதே சுரங்கவழி. கார் கழுவிய ஆள் இப்போது கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தார். காலையில் அவரைப் பார்த்து எனக்குக் கோபம் வந்தது. இப்போது வரவில்லை. அவர் வீட்டில் தண்ணீர் வந்து எத்தனை நாளாயிற்றோ.

மே 1, ஞாயிறு

ஓயா-சான் என் பையில் இலை வடிவ மீன் பணியாரம், ஸுன்டா, ஊறுகாய் என்று திணித்தார். மீன் வேண்டாம் என்றால் “பாஸுக்குக் கொடு” என்றார். பேட்டரி இன்னும் பூசை அலமாரியில்தான். நாலை மட்டும் எடுத்து டார்ச்சில் போட்டு எரியவிட்டுக் காட்டினார். “இந்திய வெளிச்சம் கொஞ்சம் மஞ்சள்.”

ஷின்கான்சென் நிறைந்து வழிந்தது. விடுமுறை வாரம். வடக்கே போகும் ரயில்களில் முதுகுப்பையும் ரப்பர் பூட்ஸுமாகத் தன்னார்வலர்கள், தெற்கே போகும் என் ரயிலில் தாத்தா பாட்டியைப் பார்த்துவிட்டுத் திரும்பும் குழந்தைகள்.

இரவு பாளையங்கோட்டைக்குப் போன் போட்டேன். “தண்ணி குடிக்கலாமாங்க?” என்று கேட்டாள். மார்ச் 23இல் டோக்கியோ குழாய்த் தண்ணீரில் கைக்குழந்தைகளுக்கான வரம்பைத் தாண்டிக் கதிரியக்க அயோடின் இருந்ததும், மறுநாளே எச்சரிக்கையை விலக்கியதும், அதன்பின் தினமும் பரிசோதித்து எண்ணை வெளியிடுவதும் எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள்.

“அது சரி. நீங்க எதைக் குடிக்கிறீங்க?”

“குழாய்த் தண்ணிதான்.”

“காபிக்குமா?”

“காபிக்கும்.”

கொஞ்ச நேரம் பேச்சில்லை. “அம்மாகிட்ட பேசிட்டுச் சொல்றேன்” என்றாள். பின்னால் மகள் எதையோ கீழே போட்டு உடைக்கும் சத்தம்.

தொட்டியில் வெந்நீர் நிரப்பிக் குளித்தேன். குளித்து முடித்து அடைப்பானின் சங்கிலியைப் பிடித்தவன், இழுக்காமல் விட்டுவிட்டேன். மூடியைப் போட்டு மூடியாயிற்று. நாளை திங்கள், எரியும் குப்பை நாள். குக்கரை இன்றிரவே திறந்தாக வேண்டும்.